சீற்றின் மேல் இருந்த குஷன்

ஆனந்தராசா ஆறடி இரண்டு அங்குலம். பாலையூற்றில் அவருடைய வீட்டுக்கு நிலை வைத்தபோது மேசன் அவரையே கூப்பிட்டு நிற்கவைத்து, தலைக்கு மேல் நாலு விரல் விட்டுத்தான் மரத்தை அடித்தான். மற்றவர்களின் வீடுகளுக்குள் அவர் குனிந்துகொண்டுதான் போவார். அந்தக் குனிவைப் பார்த்துப் பணிவான மனிதர் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. அவரிடம் பணிவை விட வாய்தான் கூட. திருகோணமலை டிப்போவில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய காலத்தில், ஒரு கதையால் பஸ் முழுவதையும் சிரிக்கவைத்து, அந்தக் கதைக்கு ஆளானவரை மட்டும் அடுத்த தரிப்பிடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டபடி இறங்கவைக்க அவருக்குத் தெரியும்.

உயரம் அவருடைய தொழிலுக்குச் சத்துருவாக இருந்தது. பஸ்ஸின் றைவர் சீற் சாதாரண ஆளுக்குச் செய்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும். முட்டாமல் காலை அகட்டினால் இடுப்பு கோணும். இடுப்பு கோணினால் கந்தளாய் வரும்போதே முதுகில் ஊசி ஏறத் தொடங்கும். எட்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டவுனில் மட்கோ என்கிற இடத்தில் புதிதாகக் குஷன் கடை போட்டிருந்த கிண்ணியா நிப்றாஸிடம் போனார். நிப்றாஸ் அப்போது இளந்தாரி. அவன் அளவு நாடாவை எடுக்கவில்லை. அவரை ஒரு மரப்பெட்டியில் இருத்தி, பெயின்ற் வாளி மூடி ஒன்றைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஓடச் சொன்னான். அவரும் ஓடினார். கிளட்ச் மிதித்தார், கியர் மாற்றினார், வளைவுகளில் எட்டிப் பார்த்தார். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்ற நிப்றாஸ், முழங்கால் எங்கே நின்றது, முழங்கை எங்கே நின்றது, முதுகு எவ்வளவு சாய்ந்தது என்று ஒரு ஒட்டுப்பலகையில் கோடுகள் கீறி, மேலே அவர் பெயரை எழுதிக் கடைச் சுவரில் தொங்கவிட்டான். அதன்பிறகு எந்த பஸ் மாறினாலும் பலகையைப் பார்த்து சீற்றை வெட்டியோ இறக்கியோ கொடுத்துவிடுவான். ஓய்வு பெறும்வரை ஆனந்தராசாவுக்கு முதுகு நோகவில்லை. ஓய்வு பெற்று வீட்டுக் கதிரைகளில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நோவு திரும்பி வந்தது.

இவ்வளவும் சொல்லவேண்டியிருப்பதன் காரணம், இப்போது அவருடைய முற்றத்தில் நிற்கிற காருக்குள் அவரால் இருக்க ஏலாமல் இருப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் போய்விடும். அதற்குள் ஒரு தடவை அதை வெருகல் பாலம்வரை ஓட்டிப் போய் வரவேண்டும். அறுபத்தாறு வயதில் அவருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே காரியம் அது.

கார் அவருடைய மகன் வினோதனுடையது. வினோதன் தாயைக் கொண்டு பிறந்தவன், ஐந்தடி நாலு. கொழும்பில் கணினி வேலை. முப்பத்திரண்டு வயதாகிறது, கலியாணத்துக்குச் சம்மதி என்று வீடு கேட்டுக்கொண்டிருக்க, அவன் போய் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரையை மடித்துவிடலாம். சிவப்பு நிறம், நிலத்தோடு ஒட்டினாற்போல் உயரம். போன வருடம் தைப்பொங்கலுக்கு அதில்தான் வந்தான். ஒழுங்கைச் சனம் முழுவதும் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அவன் நேரே வந்து கார்த் திறப்பைத் தகப்பனின் கையில் வைத்தான்.

"அப்பா, நீங்கள் ஓடுங்கோ. வெருகல்மட்டும் போயிட்டு வருவம். உங்கட றூட்தானே."

பாலங்கள் வந்த பிறகு கடைசிச் சில வருடங்கள் அவர் ஓட்டியது அந்தப் பாதையில்தான். கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, வெருகல் என்று மட்டக்களப்புக்குப் போகும் பாதை. அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். உடம்பை மடித்து மற்றக் காலை எடுக்கப் போனபோது முழங்கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் இடையில் இறுகிவிட்டது. கொஞ்ச நேரம் அவரால் உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. சனம் சிரித்தது. சனத்தைச் சிரிக்கவைத்துப் பழகியவருக்குத் தன்னைப் பார்த்துச் சனம் சிரிப்பது புதிது. ஒருவழியாக வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பை இன்னொருவர் தலையில் இறக்கிவிட்டால் போதும் என்று இருந்தது. பக்கத்தில் மகன் நின்றான்.

"இது கார் இல்லை, கோழிக்கூடு. ஆளை மடிச்சுத்தான் உள்ளுக்க வைக்கவேணும்," என்றார். "இவன்ர கட்டை உயரத்துக்கு இது காணும்."

ஒழுங்கை வெடித்துச் சிரித்தது. வினோதனும் சிரித்தான். திறப்பைத் திருப்பி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சனம் கலையும்வரை சிரித்தபடியே நின்றான். ஆனந்தராசா அப்போது அதைக் கவனிக்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

சித்திரை வருடப் பிறப்புக் கழிந்து இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் அவன் தொலைபேசி எடுத்தான். டிப்போக் கூட்டாளிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். வேம்பின் கீழ் சீட்டுக்கட்டைப் பிரித்துக் கடதாசி விளையாட்டு. காரைக் கொண்டு வரட்டுமா என்று வினோதன் கேட்டான். சீற்றில் ஒரு வேலை செய்திருப்பதாகவும் அவர் ஒருக்கால் இருந்து பார்த்தால் நல்லது என்றும் சொல்லத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் டகடகவென்று ஏதோ ஒரு சத்தம். கொழும்புத் தெருவென்று இவர் நினைத்தார். கூட்டாளிகள் கையில் கடதாசியை வைத்துக்கொண்டு இவர் வாயையே பார்த்தார்கள். அவர்களை வெறுங்கையோடு விட அவருக்கு மனம் வரவில்லை.

"அந்தக் கோழிக்கூட்டை இந்த ஒழுங்கைக்குள்ள கொண்டு வந்திராத. போனமுறை சிரிச்ச சனம் இன்னும் வாய் மூடேல்ல," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

கூட்டாளிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். "சரியப்பா," என்று அவன் வைத்துவிட்டான்.

ஆவணியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. மூன்றாம் நாள்தான் வீட்டுக்குத் தெரியும். இவர்கள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வாயில் கதை நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் ஆளும் இல்லை.

கார் மார்கழித் தொடக்கத்தில் வந்தது. அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன் ஓட்டிக்கொண்டு வந்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திறப்பைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனான். றைவர் சீற்றின் மேல் ஒரு தடித்த குஷன் கிடந்தது. கறுப்பு றெக்சீன், ஓரத்தில் கிழிந்து ஒட்டுப் போட்டது. நடுவில் ஒரு பள்ளம். வினோதன் இருந்து இருந்து விழுந்த பள்ளம். கொழும்பிலிருந்து நண்பனும் அதே பள்ளத்தில் இருந்துதான் வந்திருப்பான் என்பதை நினைக்க வீட்டில் யாரும் விரும்பவில்லை.

"அதை ஒருத்தரும் எடுக்கப்படாது," என்று தாய் நல்லம்மா சொல்லிவிட்டாள். "கார் போற அண்டைக்கு நான் எடுத்து உள்ளுக்க வைப்பன். அதுமட்டும் அவன் இருந்தபடி இருக்கட்டும்."

அவனுடைய பாயும் தலையணையும் செத்தவீட்டு வழக்கப்படி அன்றைக்கே போய்விட்டன. உடுப்புகளை முப்பத்தோராம் நாளன்று கொடுத்தாயிற்று. அவன் உடம்பு பட்டு மிஞ்சியது அந்தக் குஷன் ஒன்றுதான் என்பது தாயின் எண்ணம். பின்னேரம் சாமிக்கு விளக்கு வைத்த கையோடு வந்து, கார்க் கதவைத் திறந்து, பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். ஆனந்தராசாவும் அதை மீற நினைக்கவில்லை. அவன் உயிரோடு இருந்தபோது அவன் காருக்குக் கொடுக்காத மரியாதையை அவன் இருந்த இடத்துக்காவது கொடுக்கலாம் என்று இருந்தது.

காரைப் பார்த்துப் பார்த்தே அம்மா போய்ச் சேர்ந்துவிடுவா என்று பயந்து மகள் லோஜினிதான் ஆள் தேடினாள். நிலாவெளியில் பல் வைத்தியம் பார்க்கும் கஜந்தி என்ற பிள்ளை வாங்கச் சம்மதித்தது. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வந்து எடுப்பதாகப் பேச்சு. இந்த வருடம் இவர்களுக்குப் பொங்கல் இல்லை.

அந்தக் கிழமை திங்கட்கிழமை காலையில், நல்லம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, ஆனந்தராசா காருக்குள் இருந்து பார்க்கத் தொடங்கினார்.

முதலில் சீற்றைப் பின்னால் தள்ளினார். கடைசிப் பல்வரைக்கும் போய் நின்றது. பக்கவாட்டாக இருந்து, இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி உள்ளே வைத்து, பிருஷ்டத்தைக் குஷனில் ஏற்றினார். போன பொங்கலை விட மோசமாக இருந்தது. தொடை இரண்டும் ஸ்டியரிங்கின் அடியில் அப்பியிருந்தன. வளையத்தைத் திருப்பினால் கால்சட்டையையும் சேர்த்துத் திருப்பியது. அந்தக் காரில் ஸ்டியரிங்கை மேலே உயர்த்தவோ உள்ளே தள்ளவோ வழியில்லை. தலை கூரைச் சீலையில் முட்டியதால் கழுத்தை ஒரு பக்கம் சரித்து வைத்திருக்கவேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாய்மானத்தைப் பின்னுக்குச் சரித்துப் பார்த்தார். தலைக்கு இடம் கிடைத்தது, கைக்கு எட்டவில்லை. சலூனில் சவரத்துக்குச் சாய்ந்தவர்போல் கிடந்துகொண்டு விரல் நுனியால் வளையத்தைத் தொட்டார். இப்படி ஓட்டினால் சீனக்குடா வரும் முன்னரே பொலிஸ் மறிக்கும். சாய்மானத்தை நிமிர்த்திவிட்டுக் கூரையை மடித்தார். இப்போது தலை வெளியே. முன்கண்ணாடியின் மேற்சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து, அதற்கு மேலால் பார்த்தால் வேம்பும், கீழால் பார்த்தால் பொனற்றும் தெரிந்தன. றோட்டு இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு.

புதன்கிழமை செருப்பைக் கழற்றினார். அடித் தடிப்பு குறைந்தால் முழங்காலும் இறங்கும் என்று ஒரு நப்பாசை. கொஞ்சம் இறங்கியதுதான். ஆனால் கிளட்சை மிதித்த இடது காலை எடுக்கப் போனபோது முழங்கால் ஒரு தண்டில் தட்டி, மழைத் துடைப்பான் ஓடத் தொடங்கியது. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. நிறுத்தும் வழி தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தபோது, குசினி யன்னலில் நல்லம்மா நிற்பதைக் கண்டார். எப்போது வந்தாளோ.  யன்னலைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

ஐம்பத்துநாலு பேரை ஏற்றி இறக்கியவன், இரண்டு பேர் இருக்கிற வண்டிக்குள் இருக்க ஏலாமல் வெறுங்காலுடன் முற்றத்தில் நிற்கிறேனே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. அன்று இரவு முழுவதும் முதுகு நொந்தது. வியாழக்கிழமை நிப்றாஸுக்குத் தொலைபேசி எடுத்து, சீற்றிலும் அதன்மேல் இருப்பதிலும் கை வைக்காமல், கீழே சீற் ஓடுகிற றெயிலை மட்டும் இரண்டு அங்குலம் பின்னுக்கு எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். நிப்றாஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அவன் மோட்டார் சைக்கிளில், ஸ்பனரும் குறடும் போட்ட ஆயுதப் பையுடன் வந்தான். இளந்தாரியாக இருந்தவனுக்கு இப்போது தாடி பாதி நரைத்துவிட்டது. செத்தவீட்டுக்கு வந்து ஆண்களோடு ஒரு கதிரையில் இருந்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வருகிறான். பையை நிலத்தில் வைத்து, கார்க் கதவைத் திறந்தான். குனிந்து குஷனைப் பார்த்தான்.

"அண்ணன், இத ஏன் இன்னம் எடுக்கல்ல?"

"அதில தொடாத நிப்றாஸ். அது அவன் இருந்தது."

"தெரியும். நான்தானே குடுத்தன்."

ஆனந்தராசாவுக்கு விளங்கவில்லை. எப்போது கொடுத்தாய் என்று கேட்டார். சித்திரையில் தம்பி கடைக்கு வந்தபோது என்றான் நிப்றாஸ். சித்திரையில் வினோதன் ஊருக்கு வரவில்லையே என்றார் இவர். நிப்றாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். இதெல்லாம் இவருக்குத் தெரியும் என்றே அவன் இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். தெரிந்த ஒன்றைச் செத்தவீட்டில் கிளறுவது சரியில்லை என்று பேசாமல் இருந்திருக்கிறான். இப்போது வாயை விட்டாயிற்று. திருப்பி எடுக்க ஏலாமல், நிலத்தைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே சிவப்புக் கார் வாசலில் நின்றது. இராத்திரி கொழும்பில் வெளிக்கிட்டு வந்திருந்தான். அப்பாவுக்கு இதில் இருக்க ஏலாமல் இருக்கிறது, அவர் இருக்கிற மாதிரிச் செய்து தாங்கோ நானா என்று, அண்ணன் முறை வைத்துக் கேட்டான். அளவு எடுக்க அவரை என்ன சொல்லிக் கூட்டி வருவது என்பதுதான் அவனுக்குக் கவலையாக இருந்தது. நிப்றாஸ் சுவரைக் காட்டினான். வினோதன் அந்தப் பலகையை இறக்கி, தூசியைத் துடைத்து, தகப்பனின் பெயரைப் பார்த்துவிட்டு, கன நேரம் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு இருவருமாக சீற்றைக் கழற்றினார்கள். இருக்கும் இடத்தில் பஞ்சை இரண்டரை அங்குலம் சீவினார்கள். முதுகுப் பக்கம் ஒன்றரை அங்குலம் குடைந்தார்கள். றெயிலையும் ஒரு துளை பின்னால் தள்ளிப் பூட்டினார்கள். அதற்கு மேல் தள்ள இடமில்லை. பின்னேரம் மூன்று மணியாயிற்று. நிப்றாஸ் மெசினில் கடைசித் தையல் ஓட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்றபடியே வினோதன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான்.

டகடகவென்று கேட்ட சத்தம் எதுவென்று ஆனந்தராசாவுக்கு இப்போது தெரிந்தது.

மட்கோவிலிருந்து பாலையூற்றுக்கு மூன்று கிலோமீற்றர்கூட வராது.

"கதைச்சிட்டு வெச்சிட்டார்," என்றான் நிப்றாஸ். "வீட்ட போகல்லயா தம்பி எண்டு கேட்டன். அப்பாக்கு இண்டைக்கு ஆக்கள் வந்திரிக்காங்க, பிறகு வாறன் எண்டார். பஞ்சத் திருப்பிப் போட்டுத் தரவா எண்டன். வேணாம் நானா, அப்பா எப்பயாவது இருப்பார், அப்பிடியே கிடக்கட்டும் எண்டார். ஆனா அண்ணன், தம்பிக்கு றோட்டுத் தெரியல்ல. கண்ணுக்கு நேர ஸ்டியரிங். கொழும்புக்குப் போகணுமே. அதான் இதக் குடுத்தன். பழைய த்ரீவீல் ஒண்டில கழட்டினது, கடையில சும்மா கிடந்திச்சு."

போகும்போது கண்டி வீதியில் பாலையூற்றுக்குத் திரும்புகிற சந்தியை அவன் தாண்டித்தான் போயிருக்கவேண்டும். காலையில் வரும்போதும் தாண்டித்தான் வந்திருப்பான். அதன் பிறகு நாலு மாதம், தகப்பனுக்காக இறக்கிய சீற்றின் மேல் ஒரு த்ரீவீல் குஷனைப் போட்டு, அதன் மேல் இருந்து ஓட்டியிருக்கிறான். அவர் இருந்து பார்க்கவேண்டும் என்று அவன் வெட்டுவித்த அங்குலங்களை அந்தக் குஷன் நிரப்பி, அதற்கு மேலும் உயர்த்தியிருந்தது. அதை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இவர் மூன்று நாளாகத் தொடையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

நல்லம்மா தேத்தண்ணியுடன் வாசல்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எல்லாம் கேட்டிருந்தது. கோப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தாள். இரண்டு கையாலும் குஷனைத் தூக்கி வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் பேனையால் றஹ்மா என்று ஒரு பெயர் எழுதியிருந்தது. முன்னர் அந்த த்ரீவீலை ஓட்டிய யாரோ ஒருவரின் மகளாக இருக்கும். அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நிப்றாஸ் ஆயுதப் பையைக் கட்டத் தொடங்கினான்.

"அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டனான்," என்றாள் கணவனிடம். "நீங்கள் போனில சொன்னது எனக்குக் கேட்டது. நானும் சிரிச்சனான்."

பிறகு, "இருங்கோ," என்றாள்.

அவர் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இருங்கோவன். அவன் இருந்து பார்க்கச் சொன்னவன்."

அவர் இருந்தார். இடது காலை உள்ளே வைத்து, உடம்பை இறக்கினார். இறங்க இறங்க சீற் கீழே இடம் விட்டது. தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. இடது முழங்கால் கிளட்சில் போய்த் திரும்பியது, எதிலும் தட்டவில்லை. முதுகின் கீழ்ப்பகுதி, எந்தக் கதிரையிலும் தொங்கிக்கொண்டே இருந்த அந்த இடம், குடைந்த பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. முழங்கை மடிந்த அளவில் கை தானாக வளையத்தில் விழுந்தது. கண்ணுக்கு நேரே முற்றம், படலை, ஒழுங்கை. எல்லாம் அந்தப் பலகையில் கீறியிருந்தபடி. நிப்றாஸ் பழக்கதோஷத்தில் குனிந்து முழங்காலைப் பார்த்து, சரிதானே அண்ணன் என்று கேட்கப் போய், கேட்காமல் நிமிர்ந்தான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆனந்தராசா வெளிக்கிட்டார். நல்லம்மாவையும் கூப்பிட்டார். பக்கத்து சீற் சும்மாதானே கிடக்கிறது, வாருமன் என்றார். "அவன் கேட்டது உங்களை," என்று சொல்லிவிட்டு அவள் வாசல் கூட்டப் போய்விட்டாள்.

பஸ்ஸில் உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய பாதையை நிலத்திலிருந்து பார்க்கப் புதிதாக இருந்தது. சீனக்குடாவில் பற்றைகளுக்கு இடையால் துறைமுகத்துத் தண்ணீர் கண்மட்டத்தில் வந்து போயிற்று. கிண்ணியாப் பாலத்தில் காற்று அடித்தது, கூரையைத் திறந்துதான் விட்டிருந்தார். மூதூர் தாண்டிக் கிளிவெட்டிப் பக்கம் வயல் பச்சையாக நின்றது. கார் சொன்னபடி கேட்டது. மூன்றாம் கியரில் ஒரு சிறு உறுமல், நாலாம் கியரில் அமைதி. அவனுக்கு இது பிடித்ததில் அதிசயமில்லை என்று நினைத்தார். வலது பக்கமும் இடது பக்கமும் காட்டிக் கதைக்க எவ்வளவோ இருந்தது. எந்த வளைவில் மாடு நிற்கும், எந்த மதகில் பஸ் குலுங்கும், எந்தத் தேத்தண்ணிக் கடையில் கண்டக்டர் காதலித்தான். 

வெருகல் பாலத்தடியில் ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. ஆறு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த டிப்போ பஸ் ஒன்று அவரைக் கண்டு வேகம் குறைத்தது. வேம்பின் கீழ் கடதாசி விளையாடிய நாலு பேரில் இளையவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். இன்னும் ஓய்வு பெறாதவன். யன்னலால் தலையை நீட்டி, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னான்.

"அண்ணை, கோழிக்கூட்டுக்குள்ள ஆளை மடிச்சு வச்சாச்சுப் போல."

பஸ் சிரித்தது. யன்னல் ஓரத்துச் சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. ஆனந்தராசாவும் சிரித்தார். பஸ் கிளிவெட்டிப் பக்கம் போய் மறையும்வரை சிரித்தபடியே இருந்தார். அப்படிச் சிரித்துக்கொண்டு இருப்பது முகத்துக்கு எவ்வளவு பாரமான வேலை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வந்து முற்றத்தில் இறங்கியபோது மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டியிருந்தார். முதுகில் ஒரு நோவும் இல்லை. ஓய்வு பெற்று ஆறு வருடத்தில் இப்படி ஒருநாள் இருந்ததில்லை. கொஞ்சமாவது நொந்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு கஜந்தி வந்தாள். லோஜினியும் கூட வந்திருந்தாள். கஜந்திக்கு வினோதனின் வயதுதான் இருக்கும், சிறிய உருவம். காரைச் சுற்றிப் பார்த்தாள், பொனற்றைத் திறந்து பார்த்தாள், ஆசையாகத்தான் உள்ளே ஏறி இருந்தாள். இருந்தவள் காணாமல் போனாள். ஸ்டியரிங்குக்கு மேலால் நெற்றி மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி தலையை வெளியே நீட்டினாள்.

"அங்கிள், இந்த சீற் ஆரின்ர அளவு? உங்கட மகன் அவ்வளவு உயரமே?"

"இல்லைப் பிள்ளை. எனக்குச் செய்தது."

அவள் அவரை அடியிலிருந்து முடிவரை பார்த்தாள். விகற்பம் இல்லாத பிள்ளை, மனதில் வந்ததைக் கேட்டாள்.

"உங்களுக்கெண்டே செய்திருக்கு, பிறகு ஏன் அங்கிள் விக்கிறீங்கள்?"

லோஜினி தகப்பனைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் எந்தக் கேள்விக்கும் பஸ் சிரிக்கும்படி மறுமொழி வைத்திருந்த மனிதர், முன்கண்ணாடியில் விழுந்திருந்த வேப்பிலை ஒன்றைத் தட்டிவிட்டார். பிறகு, மட்கோவில் நிப்றாஸ் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்தால் பஞ்சை நிரப்பிப் பழையபடி ஆக்கித் தருவார், ஒருநாள் வேலைதான் என்று சொன்னார். அந்த ஒருநாள்வரைக்கும் எப்படி ஓட்டிப் போவது என்று கஜந்தி கேட்டாள்.

நல்லம்மா உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமி அறையில் கொண்டுபோய் வைத்த குஷனை எடுத்துக்கொண்டு வந்தாள். லோஜினி, அம்மா, அது வேண்டாம் என்றாள். நல்லம்மா கேட்கவில்லை. கஜந்தியை இறங்கச் சொல்லி, தானே அதை சீற்றில் போட்டு, பள்ளம் நடுவில் வரும்படி இழுத்துச் சரிசெய்தாள்.

"இதில இருந்து ஓடு பிள்ளை. றோட்டுத் தெரியும்."

தெரிந்தது. கார் படலையைக் கடந்து ஒழுங்கையில் இறங்கியது. பின்னால் நின்று பார்க்கும்போது, தலை எழும்பியிருந்த உயரம் வினோதன் ஓட்டினால் எவ்வளவு இருந்திருக்குமோ அவ்வளவுதான். ஒழுங்கை திரும்புகிற முடக்கில் பிரேக் விளக்கு ஒருமுறை பற்றி அணைந்தது. நல்லம்மா குசினிக்குப் போனாள். ஆனந்தராசா வேம்பின் கீழ் கிடந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் முதுகு நோகத் தொடங்கியது. அவர் எழும்பவில்லை.